குழுவில் எல்லோரும் நெருக்கம்தான், புது யோசனை மட்டும் வருவதில்லை. ஏன்?

கேள்வி:
நாங்கள் ஒன்பது பேர். ஆறு வருடமாக யாரும் வேலையை விட்டுப் போகவில்லை, சண்டையும் கிடையாது. ஆனால் கூட்டத்தில் ‘வேறு யோசனை உண்டா?’ என்று கேட்டால் எல்லோரும் குனிந்து நோட்டைப் பார்க்கிறோம். போன வாரம், ஒரு படிவத்தைச் சுருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத் தயாரித்தவர் பக்கத்து நாற்காலியில். அப்படியே முழுங்கிவிட்டேன்.

பதில் 1:
ஒட்டுதல் வேறு, பயமில்லாமல் பேசுவது வேறு. நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் ‘உளவியல் பாதுகாப்பு’ என்று எழுதியது இரண்டாவதைத்தான். உங்களிடம் இருப்பது முகதாட்சண்யம்.

பதில் 2:
ஒன்பது பேருக்குள்ளேயே சுற்றாதீர்கள். 3எம் நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் லேசாக மட்டுமே ஒட்டும் பசை ஒன்றைக் கண்டுபிடித்தார். எதற்கு உதவும் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் சக ஊழியர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். (இதல்லவா ஈடுபாடு!) 1974-இல் அதே நிறுவனத்தின் ஆர்ட் ஃப்ரை, தன் பாட்டுப் புத்தகத்திலிருந்து நழுவி விழும் அடையாளச் சீட்டுக்கு அது சரிப்படும் என்று பிடித்துக்கொண்டார். அதுதான் ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டான போஸ்ட்-இட்.

கேட்டவர்:
சரி, படிவத்தைத் தயாரித்தவரிடம் தனியாகப் பேசினேன். “அந்த நாலாம் பக்கம் எனக்கே பிடிக்காது. நீங்களெல்லாம் பழகிவிட்டீர்களே என்று விட்டுவைத்தேன்” என்கிறார்!