டேக்குக்குத் தமிழில் என்ன பெயர்: மாற்றியா, மீட்டியா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

வணக்கம். வீட்டு ஹைஃபைக்கு டேக் (டிஜிட்டல் பாட்டின் எண்களை மின்னலையாக்கித் தரும் கருவி) தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கையேட்டின் முதல் வரியே சொல்லில்லாமல் நிற்கிறது. டிஜிட்டலுக்குத் தமிழ்நாட்டில் எண்ணிமம், இலங்கையில் இலக்கமுறை, சிங்கப்பூரில் மின்னிலக்கம், நம் மலேசிய நாளேடுகளில் இலக்கவியல். அனலாகுக்கு ஒப்புமை என்றும் தொடர்முறை என்றும் இரண்டு. எதை எதோடு சேர்த்தாலும் ‘இலக்கவியல்-ஒப்புமை மாற்றி’ போல ஒரு நீளச் சொல்தான் கிடைக்கிறது. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஹைஃபை கடை முன் நின்று யாரும் அப்படிக் கேட்கப்போவதில்லை. மலாயில் ‘பெனுக்கார் டிஜிட்டல் கெ அனலோக்’ என்று இருக்கிறது, ஆனால் மலாய்க்காரர்களும் டேக் என்றுதான் கேட்கிறார்கள்.

என் முன்மொழிவு: எண்ணலை மாற்றி. எண் உள்ளே போகிறது, அலை வெளியே வருகிறது. மைக்கிலிருந்து வரும் அலையை எண்ணாக்கும் எதிர்க்கருவிக்கு அலையெண் மாற்றி. குறை இருந்தால் சொல்லுங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து

ஐயா, முதற்பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி நிற்காது. அலையெண் என்றால் ஃப்ரீக்வென்ஸி. அதிர்வெண், அலைவெண், அலையெண் மூன்றும் அந்தப் பொருளில் ஏற்கெனவே புழங்குகின்றன. அலையெண் மாற்றி என்று எழுதினால் ரேடியோவில் அலைவரிசையை இறக்கும் சுற்று என்றுதான் படித்தவர் நினைப்பார். தொடர்முறையை எடுத்தாலும் இதே சிக்கல், தொடரெண் என்பது சீரியல் நம்பர்.

அலை என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. சில்லு (சிப்) சோதிக்கும் இயந்திரங்களில் இருக்கும் டேக், 1.250 வோல்ட் என்று எண் கொடுத்தால் அந்த அழுத்தத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு நிற்கும். அங்கே அலையே கிடையாது. ஒப்புமை என்பதைக் கைவிட வேண்டாம் என்பது என் கருத்து. காற்றழுத்தம் ஏறினால் மின்னழுத்தமும் ஏறும், இறங்கினால் இறங்கும். ஒன்று மற்றொன்றை ஒத்து நடக்கிறது. சொல் பிறந்த காரணமே அதுதான்.

எனக்கு உறுத்துவது ‘மாற்றி’தான். மின்மாற்றியில் மின்சாரம் போய் மின்சாரம் வருகிறது, வேறொன்றும் வேண்டாம். டேக்குக்கு எண் மட்டும் போதாது. அந்த எண்ணை எப்போது வெளியிடுவது என்று சொல்லும் கடிகை வேண்டும், எதன் எத்தனை பங்கு என்று சொல்லும் அளவுகோல் மின்னழுத்தம் வேண்டும். வெளியே வருவது எண்ணையும் அளவுகோலையும் பெருக்கி வரும் தொகை. அளவுகோல் அழுத்தத்தில் இரைச்சல் இருந்தால் அது பாட்டில் அப்படியே ஏறும். ஒரே சில்லைப் போட்ட இரண்டு பெட்டிகள் வேறு வேறு அளவீடு காட்டுவதற்கு முதல் காரணம் இது. மின்வழங்கியையும் சுற்றுப்பலகையையும் பார்க்காமல் சில்லின் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது தப்பு.

ஏணிவகை டேக்கும் அப்படித்தான், பெயர் மட்டும் போதாது. ஆர், 2ஆர் என்ற இரண்டே மதிப்பில் மின்தடைகளை ஏணிபோல் அடுக்குவார்கள். 16 பிட்டில் (16 இரும இலக்கங்களில்) மொத்தம் 65,536 படிகள், ஆகவே மிகப் பெரிய மதிப்புள்ள தலைப்பிட்டின் தடை ஏறத்தாழ 0.0015 விழுக்காட்டுக்குள் துல்லியமாக இருக்க வேண்டும். ஜாலான் பாசார் கடைகளில் தேடிப் பிடிக்கும் 0.01 விழுக்காட்டுத் தடைகளை அப்படியே அடுக்கினால் சுமார் 13 பிட் வரைதான் நம்பலாம். அந்தப் பிழை எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். அலை பூஜ்யத்தைக் கடக்கும்போது எல்லாப் பிட்டும் ஒரே நேரத்தில் புரள்கின்றன. அதாவது பாட்டின் மிக மெல்லிய இடத்தில்தான் பிழை பெரிதாகத் தெரியும். நல்ல ஏணிப்பெட்டிகள் நேர்ப்பகுதிக்கும் எதிர்ப்பகுதிக்கும் தனித்தனி ஏணி வைப்பது அதைத் தவிர்க்கத்தான்.

டெல்ட்டா-சிக்மா வகை வேறு வழியில் போகிறது. சில படிகளே உண்டு, ஆனால் நொடிக்குப் பல மில்லியன் முறை மாறும், இரைச்சலைக் காது கேட்காத உயரத்துக்குத் தள்ளிவிடும். இன்று கடையில் இருப்பதில் பெரும்பாலானவை இதுவே.

செந்தூலிலிருந்து

மாற்றி என்ற சொல் செய்யும் தீங்கு இன்னொன்றும் உண்டு. மாற்றம் என்றதும், மூலம் போய் அதன் சாயல் ஒன்று வருவதாக மனம் எடுத்துக்கொள்கிறது. உடனே அந்தப் படிக்கட்டுப் படம் வந்துவிடும்: வளைவான அலை, அதன்மேல் செங்குத்தான படிகள், டிஜிட்டல் ஒலி சொரசொரப்பானது என்று ஒரு முடிவு. படம் தவறு. சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிகள், அதாவது அலையின் உயரத்தை அளந்து குறித்த எண்கள். அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்குக் கீழ் அடங்கிய அலையென்றால், அந்த மாதிரிப் புள்ளிகள் வழியாக ஒரே ஒரு வளைவுதான் போக முடியும். கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரை நிறுவியது இதைத்தான். மாதிரிகளுக்கு இடைப்பட்ட அலை தொலைந்துபோகவில்லை. புள்ளிகளுக்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே எடுப்பது, அந்த எல்லைக்கு மேல் உள்ளதை நீக்கும் வடிகட்டியின் வேலை.

ஆகவே நடப்பது மீட்பு. கருவிக்கு அலைமீட்டி என்று பெயரிடலாம். வீணையை மீட்டுகிறோம், நினைவையும் மீட்டிப் பார்க்கிறோம். ஹைஃபை அலமாரியில் இருக்கும் பெட்டிக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

ஒலிமீட்டி என்று வேண்டாம். பெட்டியிலிருந்து வருவது மின்னலை, ஒலி இன்னும் இரண்டு படி தள்ளி இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஒலிபெருக்கி என்று பெயர் வைத்துவிட்டு, உண்மையில் பெருக்கும் ஆம்புக்குச் சொல்லில்லாமல் திண்டாடுவதை இன்றும் பார்க்கிறோம். அந்தப் பிழையை மறுபடி செய்ய வேண்டாம்.

பாயான் லெப்பாஸிலிருந்து

அம்மா, படிக்கட்டைப் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மீட்டியை ஏற்கிறேன், ஓர் எல்லையோடு. சில்லுக்கும் சுற்றுக்கும் எண்-ஒப்புமை மாற்றி, எதிர்க்கருவிக்கு ஒப்புமை-எண் மாற்றி. வடிகட்டி, கடிகை, வெளியீட்டுச் சுற்று எல்லாம் சேர்ந்த இசைப்பெட்டிக்கு மட்டும் அலைமீட்டி. சோதனை இயந்திரத்தில் அசையாமல் நிற்கும் அழுத்தத்தை மீட்டி என்று சொல்ல முடியாது.

வடிகட்டியே வைக்காமல் விற்கும் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றை என்ன சொல்வது? மிகைமாதிரி (மாதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்குதல்) இல்லாத வகை என்று சிலர் விரும்பி வாங்குகிறார்கள். அவற்றிலிருந்து படிக்கட்டு உண்மையாகவே வெளியே வருகிறது. 44.1 கிலோஹெர்ட்ஸில் அந்தப் படிகளால் 20 கிலோஹெர்ட்ஸ் ஒலி சுமார் 3.2 டெசிபெல் குறையும். கூடவே 24.1 கிலோஹெர்ட்ஸில் அதன் நிழலும் வரும். காது அதைக் கேட்காது, ஆனால் ஆம்பும், உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கராகிய ட்வீட்டரும் அதையும் சுமக்க வேண்டும். அந்தப் பெட்டியின் மென்மை என்று புகழப்படுவதில் பெரும்பங்கு இந்த 3.2 டெசிபெல் சரிவுதான் என்பது என் கணிப்பு. அலைமீட்டி என்ற சொல் நிலைத்தால், ‘பாதி மீட்டி’ என்று அதைத் துல்லியமாகச் சொல்லவும் வழி பிறக்கும். மாற்றி என்ற சொல்லில் அந்த வசதி இல்லை.

பிட் எண்ணிக்கையைப் பற்றியும் கையேட்டில் ஒரு பத்தி தேவை. பாட்டுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்கு 6.02 டெசிபெல், அதோடு 1.76. அந்தக் கணக்கில் 16 பிட்டுக்கு 98, 24 பிட்டுக்கு 146. 146 தரும் பெட்டி கடையில் கிடையாது. மிக நல்லவை 120 முதல் 130 வரை, அதாவது 20, 21 பிட்டோடு நின்றுவிடுகின்றன. மறுபுறம், பிலிப்ஸ் தன் முதல் சிடி பிளேயர்களில் டிடிஏ1540 என்ற 14 பிட் சில்லையே வைத்தது. மாதிரியை நான்கு மடங்காக்கி 176.4 கிலோஹெர்ட்ஸில் ஓட்டி, இரைச்சலை மேலே தள்ளி, 16 பிட்டின் தரத்தை எட்டியது. பெட்டிமேல் அச்சிட்ட பிட்டைப் பார்த்து ஒப்பிடக் கூடாது.

ஜார்ஜ்டவுனிலிருந்து

சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நம் ஊர்க் காதில் அலைமீட்டி என்பது அலைமீட்டர் என்று விழக்கூடும். எழுத்தில் சிக்கலில்லை, பேச்சில் டி-யை அழுத்தி முடித்தால் போதும்.

விளக்கக் குறிப்பில் ஒப்பிடும் முறை இல்லையென்றால் சொல் மட்டும் வைத்துப் பயனில்லை. இரண்டு அலைமீட்டிகளை ஒப்பிடுகிறவர்கள் முதலில் தவறுவது சத்த அளவில். சிவப்பு, வெள்ளைப் பிளக் செருகும் சாதாரண ஆர்சிஏ வெளியீடு 2 வோல்ட், சமநிலை (பேலன்ஸ்டு) வெளியீடு 4 வோல்ட்; வேறுபாடு 6 டெசிபெல். போனில் செருகும் சிறு டேக் 1 வோல்ட்தான் தரும். இரண்டுமே 2 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் ஒன்று 2.1 தந்தால் 0.4 டெசிபெல் கூடுதல். காது அதைச் சத்தம் என்று அறியாது, தெளிவு என்று அறியும். சத்தமான பெட்டிதான் எப்போதும் ஜெயிக்கும்.

ஆகவே முதலில் சமன்படுத்துங்கள். 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சுருதியில் நிற்கும் சோதனை ஒலி) குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, ஆம்பின் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவான மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் பிழையாகக் காட்டும். முதல் பெட்டியில் 1.00 வோல்ட் வந்தால், இரண்டாவதில் 0.99க்கும் 1.01க்கும் இடையில் வர வேண்டும். அதுவே 0.1 டெசிபெல். அதிகம் வருவதை அந்தப் பெட்டியின் டிஜிட்டல் வால்யூமில் குறையுங்கள், 24 பிட்டில் அந்தச் சிறு குறைப்பால் நட்டமில்லை.

பிறகு ஒரே ஸ்ட்ரீமரின் (இணையப் பாட்டை இயக்கும் பெட்டி) ஆப்டிகல் (ஒளியிழை) வெளியீட்டை ஒன்றுக்கும் கோஆக்சியலை (செம்புக் கம்பி) மற்றொன்றுக்கும் கொடுத்து, ஆம்பின் இரு உள்ளீடுகளில் இணைத்து, வேறொருவர் மறைவாக மாற்ற வேண்டும். இரண்டு பெட்டிக்கும் தாமதம் வேறுபடும். இடைவெளியில்லாமல் மாற்றினால் தாளம் குதிப்பதை வைத்தே எது எதுவென்று தெரிந்துவிடும். 2 நொடி நிறுத்திவிட்டு மாற்றச் சொல்லுங்கள். 16 முறை கேட்டு 12 முறை சரியாகச் சொன்னால்தான் பொருட்படுத்தலாம். குருட்டு யூகத்தில் அது நடக்க நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. பத்துக்கு எட்டு போதாது.

ஹம் சத்தம் தனிக் கதை. மடிக்கணினியின் மூன்று முள் சார்ஜரும் ஆம்பும் தனித்தனியே எர்த் ஆகி, யுஎஸ்பி கேபிளின் உறைவழி வளையமாகிவிட்டால் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஸ்பீக்கரில் முனகும். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முனகல் நின்றால் வளையம்தான். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஆப்டிகலுக்கு மாறுங்கள், ஒளியில் செம்பு இல்லை, வளையம் அறுந்துவிடும். எர்த் முள்ளை வெட்டுவதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. நம் வீட்டில் ஓடுவது 230 வோல்ட். ஆம்புக்குள் வயர் ஒன்று நழுவி உலோக உடலைத் தொட்டால் அதைத் தொடுகிறவர் உயிர் போகும். பினாங்கின் கடல்காற்றில் ஆர்சிஏ முனைகள் கறுத்து ஒரு பக்கச் சத்தம் விட்டுவிட்டு வந்தால், பெட்டியைக் குறை சொல்லுமுன் பிளக்கை நாலைந்து முறை திருகிச் செருகிப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸிலிருந்து

ஆப்டிகலைப் பற்றி ஒரு சேர்க்கை. ஆப்டிகல், கோஆக்சியல் இரண்டிலும் கடிகையும் குறிப்பலைக்குள்ளேயே கலந்து வரும், அலைமீட்டி முதலில் கடிகையை மீட்டாக வேண்டும். அங்கே விழும் சிறு தள்ளாட்டமே ஜிட்டர். கடிகை நடுக்கம் என்று சொல்லலாம். 20 கிலோஹெர்ட்ஸ் முழு அளவு ஒலியில் 16 பிட்டின் அரைப்படிக்குள் பிழை நிற்க, நடுக்கம் சுமார் 120 பிக்கோநொடிக்குள் இருக்க வேண்டும். இன்றைய யுஎஸ்பி பெரும்பாலும் ஒத்திசையா முறை. அதில் அலைமீட்டியின் சொந்தக் கடிகை ஆட்சி செய்கிறது, கணினி எண்களை அனுப்பினால் போதும். வளையம் இல்லாத வீட்டில் யுஎஸ்பியே என் தேர்வு.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

எண்ணலை மாற்றியை விட்டுவிடுகிறேன். அலைமீட்டியில் இலக்கணக் கேள்வி ஒன்று மட்டும் பாக்கி. அடகு நகையை மீட்கிறோம், வீணையை மீட்டுகிறோம்; இரண்டும் வேறு வினை. மீட்பதிலிருந்து பெயர் பிறந்தால் மீட்பி என்றல்லவா வரும்? மீட்டி என்பது நரம்பைத் தொடும் வினைக்கு மட்டும் உரியதாகிவிடுமே?

செந்தூலிலிருந்து

நல்ல கேள்வி ஐயா. அதனால்தான் நினைவை எடுத்துக்காட்டினேன். நினைவை மீட்டிப் பார்த்தேன் என்று எழுதும்போது வீணைக்கு உரிய அதே வினைவடிவம் திரும்பக் கொண்டுவருதல் என்ற பொருளில் நடக்கிறது. இலங்கையில் படித்த பாடத்தைத் திரும்பப் படிப்பதை மீட்டல் என்கிறார்கள். ஆகவே மீட்டி என்ற வடிவத்துக்கு இரண்டு பொருளும் வழக்கில் உண்டு. செயலுக்கு மீட்பு என்றே வைத்துக்கொள்வோம்: மீட்பு வடிகட்டி, கடிகை மீட்பு. கருவிக்கு மட்டும் மீட்டி.

அச்சுக்கு அனுப்பும்போது சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். இடைவெளி விட்டு ‘அலை மீட்டி’ என்று அடித்தால், படிப்பவர் அதை முடியாத வாக்கியம் என்று எண்ணி அடுத்த சொல்லைத் தேடுவார்.