புதுப்பிப்பு: பழைய பொக்லைனில் மூன்று சென்சார் எரர் கோடு (திரையில் வரும் கோளாறு எண்) – கோளாறு வயரிங்கில்

உதவிய எல்லோருக்கும் நன்றி. செகண்ட் ஹேண்டில் வாங்கிய 20 டன் பொக்லைனில் ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போகும் டீசல் அழுத்தம்), பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்), ஆயில் பிரஷர் மூன்று எரர் கோடும் சேர்ந்து வருகிறது, ஆர்பிஎம் ஏறவில்லை என்று கேட்டிருந்தேன். புது ரெயில் சென்சார் போட்டும் பயனில்லை. அந்தக் காசு தண்டம்.

"மூன்று சென்சாருக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே 5 வோல்ட் லைனாக இருக்கும், முதலில் அதை அளந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. சாவியை ஆன் செய்து அளந்தால் 0.8 வோல்ட்தான். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்றும் கழன்ற பிறகும் வோல்ட் ஏறவில்லை. அப்போ சென்சார் இல்லை, வயர்தான். பேட்டரி நெகட்டிவை எடுத்து, இசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) கனெக்டரையும் கழற்றி, அந்த 5 வோல்ட் வயருக்கும் பாடிக்கும் நடுவே பார்த்தால் 2 ஓம். அதாவது வயர் எங்கோ பாடியில் ஷார்ட் ஆகிறது.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் கிளாம்ப் உரசி, வயரின் செம்பு பளபளவென்று தெரிந்தது. எதிர்பாராதது என்னவென்றால், அதன் மேல் ஏற்கெனவே யாரோ டேப் சுற்றியிருக்கிறார்கள்! ஆயிலில் ஊறி, கையோடு உரிந்து வந்தது. சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கி வயரை இறுக மூடும் குழாய்) போட்டு, கிளாம்பையும் தள்ளி மாட்டினேன். இப்போது 5 வோல்ட் சரியாக வருகிறது. எரர் கோடுகளை அழித்த பிறகு 40 மணி நேரம் ஓடிவிட்டது, ஒன்றும் திரும்ப வரவில்லை.