புகார் வந்த 24 மணி நேரத்தில் பயிற்சியாளரை இடைநீக்கம் செய்வது சரியா?

வெள்ளைக்கோடு:
விவாதத்துக்கு எடுத்திருக்கும் விளையாட்டுச் சங்க வரைவு விதி இது: 'பயிற்சியாளர் மீது எழுத்துப்பூர்வப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் இடைநீக்கம் செய்யப்படுவார். விசாரணை முடியும்வரை அது நீடிக்கும்.' இதில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்பது என் கட்சி. புகார் கொடுத்த வீராங்கனை மறுநாள் காலை அதே ஆள் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். அணித் தேர்வு அவர் கையில். சாட்சி சொல்ல வேண்டியவர்களும் அவரிடம் பயிற்சி எடுப்பவர்கள்தான். ஒரு வாரம் கழித்து வாக்குமூலம் வாங்கப் போனால் எல்லோரும் ஒன்றுபோல ஒரே பதிலைச் சொல்வார்கள், அல்லது வாயே திறக்க மாட்டார்கள்.

கடைசிச்சுற்று:
எந்தப் புகார் வந்தால்? வரைவில் அது இல்லையே. 'என் மகனை அணியில் எடுக்கவில்லை' என்பதும் எழுத்துப்பூர்வப் புகார், 'தவறாகத் தொட்டார்' என்பதும் எழுத்துப்பூர்வப் புகார். இரண்டுக்கும் ஒரே நடவடிக்கையா?

போட்டிப் பருவம் நான்கு மாதம், விசாரணை ஐந்து மாதம் இழுத்தால் இடைநீக்கமே தண்டனை ஆகிவிடுகிறது. பிறகு 'குற்றமில்லை' என்று தீர்ப்பு வந்து என்ன பயன்? ஊக்கமருந்து வழக்கில் தற்காலிகத் தடை உடனே வருகிறது, உண்மைதான். ஆனால் அங்கே கையில் ஆய்வக முடிவு இருக்கிறது. வீரர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு, தடையில் இருந்த நாட்கள் இறுதித் தண்டனையில் கழிக்கப்படுகின்றன. இந்த வரைவில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

இன்னொரு விளைவையும் பாருங்கள். பதிவு செய்தாலே இடைநீக்கம் என்றால், நிர்வாகிகள் புகாரைப் பதிவு செய்யவே தயங்குவார்கள். 'எழுதித் தர வேண்டாம், பேசி முடிச்சுக்கலாம்' என்பார்கள். யாரைக் காப்பாற்ற விதி போடுகிறீர்களோ, அவர்களுக்குத்தான் கதவு அடைபடும்.

இடைக்கால நடவடிக்கையைப் படிப்படியாக வையுங்கள். முதலில் தேர்வுக் குழுவிலிருந்து விலக்கலாம். அடுத்து தனிப் பயிற்சிக்கும் தனிச் செய்திகளுக்கும் தடை, பயிற்சியின்போது இன்னொரு பெரியவர் உடனிருப்பது. அதற்கும் மேல் தேவைப்பட்டால் மட்டும் முழு இடைநீக்கம். காரணத்தை எழுத்தில் கொடுத்து, 7 நாளில் அவர் பதிலைக் கேட்டு, 14 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வெள்ளைக்கோடு:
உடனிருக்கப்போகும் அந்தப் பெரியவர் யார்? பெரும்பாலும் அவரே வேலைக்குச் சேர்த்த உதவிப் பயிற்சியாளர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில், பிறகு பாலியல் குற்றங்களுக்காகச் சிறை சென்ற விளையாட்டு மருத்துவர் லாரி நாசர் மீது 2014-ல் பாலியல் புகார் வந்தது. பல்கலைக்கழக விசாரணை அவர் மீது தவறில்லை என்றது. அந்தரங்கமான சிகிச்சையின்போது வேறொருவர் அறையில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அது நடக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 2016 வரை அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கண்காணிக்க ஆளில்லாத நிபந்தனை வெறும் காகிதம்.

நடுவர்மேசை:
முடிவெடுப்பது யார் என்பதை இருவருமே தொடவில்லை. எந்த நடவடிக்கை என்பதைவிட அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். வரைவின்படி புகாரை வாங்குபவர், விசாரிப்பவர், தீர்ப்புச் சொல்பவர் மூவரும் சங்கச் செயலாளர்தான். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாகூட 2012-ல் தன் நெறிமுறைக் குழுவை விசாரணைக்கு ஒன்று, தீர்ப்புக்கு ஒன்று என இரண்டு பிரிவுகளாகப் பிரித்தது. சிறிய சங்கத்துக்கும் இது முடியும். புகாரை வாங்க ஒருவர், விசாரிக்க வெளியிலிருந்து ஒருவர், தீர்ப்புக்கு மூவர். விசாரித்தவர் தீர்ப்பு மேசையில் உட்காரக் கூடாது. குழுவில் யாருக்காவது இரு தரப்பில் ஒருவரோடு உறவோ பணத் தொடர்போ இருந்தால் விலகி எழ வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

முதல் நாள் வேலை இடைநீக்கம் மட்டும் அல்ல. கண்காணிப்புக் கேமராப் பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதை உடனே எடுத்து வையுங்கள். கைப்பேசிச் செய்திகளுக்குத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) மட்டும் போதாது, மூலக் கைப்பேசியையும் காட்டச் சொல்லுங்கள். குழந்தையிடம் 'அவர் உன்னை அடித்தாரா?' என்று கேட்காதீர்கள், 'என்ன நடந்தது, சொல்லு' என்று கேளுங்கள். பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே முறை கேட்கட்டும். நான்கு பேர் நான்கு முறை கேட்டால் வாக்குமூலம் கலங்கிவிடும். குற்றச் செயலாகத் தெரிந்தால் முதலில் காவல்துறை, சங்க விசாரணை அதன் குறுக்கே போகக் கூடாது.

கடைசிச்சுற்று:
வெள்ளைக்கோடு சொன்ன கண்காணிப்புக் குறையை ஏற்கிறேன். அப்படியானால் விதியில் இரண்டு வகை இருக்கட்டும். வயது 18-க்குக் கீழ் உள்ளவர் தொடர்பான புகார், பாலியல் புகார், உடல் வன்முறை ஆகியவற்றில் உடனே இடைநீக்கம். மற்றவற்றில் படிநிலை. ஆனால் குற்றச்சாட்டு அறிவிப்பில் தேதி, இடம், செயல், மீறிய விதி எண் நான்கும் இருக்க வேண்டும். 'ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்' என்று மட்டும் எழுதினால் அதற்கு யாரால் பதில் சொல்ல முடியும்? பதிலுக்கு 14 நாள் கொடுங்கள். செயல் நடந்தபோது இல்லாத விதியை வைத்துத் தண்டிக்காதீர்கள்.

வெள்ளைக்கோடு:
இரண்டு வகைக்குச் சம்மதம். ஆனால் எந்த வகை என்பதைச் செயலாளர் முடிவு செய்யக் கூடாது, வெளி விசாரணையாளர் செய்யட்டும். புகார்தாரர் திரும்பப் பெற்றாலும் கோப்பு தானாக மூடப்படக் கூடாது, மிரட்டி வாங்கிய வாபஸா என்று கேட்டுப் பதிய வேண்டும். அடுத்த ஆறு மாதத் தேர்வுப் பட்டியல்களை வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும். பழிவாங்கல் யாரும் அறிவித்துவிட்டு நடத்துவதில்லை, பதினோராவது இடத்தில் இருந்த பெயர் பதினாறாவதாக இறங்கும், அவ்வளவுதான்.

கடைசிச்சுற்று:
சரி. இதையும் சேருங்கள்: பெற்றோருக்கும் வீரர்களுக்கும் போகும் அறிவிப்பு, 'பயிற்சியாளர் தற்காலிகமாகப் பணியில் இல்லை, விசாரணை நடக்கிறது, எந்த முடிவும் எட்டப்படவில்லை' என்ற அளவோடு நிற்க வேண்டும். புகார்தாரர் பெயரோ, அவரை அடையாளம் காட்டும் வயதோ பிரிவோ அதில் வரக் கூடாது. 90 நாளில் விசாரணை முடியாவிட்டால் இடைநீக்கத்தை நீட்டிக்கக் குழு புதிதாகக் காரணம் எழுத வேண்டும்.

வெள்ளைக்கோடு:
90 நாளை ஏற்கிறேன், காவல்துறை விசாரணை நடக்கும் வழக்குகள் நீங்கலாக.