ஆசிரியர் ‘ஏஜென்சி’: வினைத்திட்பமா, வினையாட்சியா?

> ‘டீச்சர் ஏஜென்சி’க்கு வினைத்திட்பம் என்றே சொல்லிவிடலாமே. குறளிலேயே இருக்கிறது.

வணக்கம் ஐயா,

நல்ல சொல்தான், இந்த இடத்துக்குப் பொருந்தாது. ‘டீச்சர் ஏஜென்சி’ என்பது ஆசிரியர் தன் பணியில் தானே முடிவெடுத்துச் செயல்படுவது. ‘வினைத்திட்பம் என்பது ஒருவன் மனத்திட்பம்’ என்று வள்ளுவரே எல்லை கட்டிவிட்டார். இதை ஆராய்ந்த கல்வியாளர்கள் பிரீஸ்ட்லி, பியஸ்டா, ராபின்சன் மூவரும் ஏஜென்சியை ஒருவரிடம் இருக்கும் குணமாகப் பார்ப்பதில்லை. அவரவர் திறமும் சூழலும் கூடும்போது கைகூடுவது என்கிறார்கள்.

இதை எங்கள் தருமபுரியில் கண்ணால் பார்த்தேன். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கும் பழைய ஓய்வூதியம் கேட்டு 2019 ஜனவரி 22 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியது. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்டோரை அரசு கூண்டோடு பணிநீக்கம் செய்ததையும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் யாரும் மறக்கவில்லை. அந்த அச்சத்தோடுதான் மறியலுக்கு வந்தார்கள். கோரிக்கை நிறைவேறாமலே 30-ஆம் தேதி போராட்டம் முடிந்தது.

பென்னாகரம் பக்கத்து இடைநிலை ஆசிரியை ஒருவர். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவர். மறியலுக்குப் பின் வந்த கூட்டத்தில் எழுந்தார். “அதே விவரத்தை எமிஸ்லயும் ஏத்தி, தாள்லயும் எழுதித் தரணும்னா, எப்ப சார் பாடம் நடத்தறது?” மறியலில் உடன் உட்கார்ந்திருந்த நாலு பேர் “அதானே” என்றார்கள். அந்த நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்ததால்தான் அவர் எழுந்தார். நமக்குப் பெயர் வேண்டியது இதற்குத்தான். (எமிஸ் என்பது பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்.)

இதற்குச் சொல்லப்படும் மற்ற சொற்களையும் பார்ப்போம். தன்னாட்சி வேறு பொருள். முகவாண்மை என்றால் காப்பீட்டு முகவர்தான் நினைவுக்கு வருவார். செயலாண்மை ‘ஆள்’ அடியாகப் பிறந்ததுதான் என்றாலும், பெண்கள் நிறைந்த பணிக்கு ‘ஆண்மை’ என்ற ஒலி வேண்டாம்.

என் முன்மொழிவு வினையாட்சி. சொல்லை ஆளுவது சொல்லாட்சி, வினையை ஆளுவது வினையாட்சி. கூட்டு வினையாட்சி, வினையாட்சி இழப்பு என்று நீட்டவும் இடம் கொடுக்கிறது. ‘வினை’ என்றதும் ஊழ்வினை நினைவு வரும் என்று ஓசூரிலிருந்து ஓர் அம்மையார் எழுதியிருந்தார். எதிர்வினை, வினையூக்கி என்று பாடநூலில் படித்து வளர்ந்தவர்களுக்கு அது உறுத்தாது என நம்புகிறேன்.

இதோடு சேர்ந்து வரும் ‘புரொஃபஷனல் ஐடென்டிட்டி’க்கு, அதாவது பணியில் தன்னை யாராக ஒருவர் காண்கிறார் என்பதற்கு, பணியடையாளம் போதும். தொழிலடையாளம் என்றால் ஓசூர்ப் பக்கம் ஆலைதான் கண்முன் வரும்.

இப்போது சொற்றொடரில் வைத்துப் பார்ப்போம்: ‘கூட்டுப் போராட்டம் ஆசிரியரின் பணியடையாளத்தை மாற்றுகிறது, வினையாட்சிக்கு வழி திறக்கிறது.’ வாய்விட்டுப் படியுங்கள், எங்காவது இடறினால் எழுதுங்கள்.