மறு: ‘நடிகர் தேர்வு’ போதாது, ‘வேடப்பங்கீடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். படத்தில் எந்த வேடம் யாருக்கு என்று முடிவு செய்யும் ‘காஸ்டிங்’ வேலைக்கு நான் முன்வைத்த ‘வேடப்பங்கீடு’ என்ற சொல்லுக்கு வந்த மறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் எழுதுகிறேன்.

> ‘நடிகர் தேர்வு’ பத்திரிகைகளில் வேரூன்றிவிட்டது. எல்லோருக்கும் புரிகிறது. அதை ஏன் கலைக்க வேண்டும்?

புரிகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சொல் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் சுமக்கிறது. ‘நடிகர், நடிகையர் தேர்வு நடைபெற்று வருகிறது’ என்ற செய்தியைப் படித்தால், புதுமுகங்கள் வரிசையில் நின்று நடித்துக் காட்டுகிறார்களா, இயக்குநர் அறைக்குள் உட்கார்ந்து எந்த வேடம் யாருக்கு என்று முடிவு செய்கிறாரா என்பது விளங்காது. முதலாவது ஆடிஷன். அதற்கு ‘நடிப்புத் தேர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது காஸ்டிங். அதற்குத்தான் ‘வேடப்பங்கீடு’ என்ற சொல்லைக் கேட்கிறேன்.

ஒரு நாவலைப் படமாக்கும்போதுதான் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். அலெக்சாந்தர் டூமா 1844இல் எழுதிய ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ கதையை எடுத்துக்கொள்வோம். ஆத்தோஸ், போர்த்தோஸ், ஆராமிஸ் மூவரும் பிரெஞ்சு மன்னரின் காவல்படையான மஸ்கட்டியர் படை வீரர்கள். ஊரிலிருந்து பாரிசுக்கு வந்த பதினெட்டு வயது தார்த்தான்யான், அவசரத்தில் ஓடும்போது ஆத்தோசின் காயம்பட்ட தோளில் மோதிவிடுகிறான். அடுத்து போர்த்தோசின் மேலங்கிக்குள் சிக்கிக்கொள்கிறான். ஊரே வியந்த அவருடைய தங்க வாள்வாருக்கு முன்பக்கம் மட்டுமே தங்கம், பின்பக்கம் வெறும் தோல் என்பது அப்போது அவன் கண்ணில் பட்டுவிடுகிறது. பிறகு ஆராமிஸ் காலடியில் மறைத்துவைத்த ஒரு பெண்ணின் கைக்குட்டையை எல்லோர் முன்னும் எடுத்து நீட்டுகிறான். நண்பகல் பன்னிரண்டு, ஒன்று, இரண்டு என்று மூவரோடும் அடுத்தடுத்து வாட்போருக்கு நேரம் குறித்தாகிவிட்டது. ஆத்தோசின் பொறுமை, போர்த்தோசின் பகட்டு, ஆராமிசின் ஒளிவுமறைவு எல்லாம் அந்த மோதல்களிலேயே வெளிப்பட்டுவிடுகின்றன. ஒருவர் இப்படி என்பதால்தான் மற்றவர் அப்படி. ஆகவே ஆத்தோஸ் யார் என்று முடிவாகாமல் போர்த்தோஸ் யார் என்று முடிவு செய்ய முடியாது. நால்வரையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்துத்தான் வேடங்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ‘தேர்வு’ என்ற சொல்லில் இந்தப் பிரித்துக் கொடுத்தல் எங்கும் இல்லை.

1973இல் ரிச்சர்ட் லெஸ்டர் இந்தக் கதையை வைத்து இயக்கிய படத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். நாவலின் போர்த்தோஸ் மலை போன்ற ஆள். அந்த வேடத்தை ஏற்ற ஃபிராங்க் ஃபின்லே அப்படிப்பட்ட உடல்வாகு கொண்டவரல்ல. லெஸ்டர் உருவத்தை விட்டுவிட்டுப் பகட்டை எடுத்துக்கொண்டார். அது எடுபட்டதற்குக் காரணம், பக்கத்தில் ஆலிவர் ரீட் ஆத்தோசாக நின்றது என்பேன். உடல் பலம், முரட்டுத்தனம், கனம் அத்தனையும் ரீடிடம் போய்ச் சேர்ந்துவிட்டதால் போர்த்தோஸ் இலகுவாகிவிட்டார். ஆராமிசாக வந்தவர் ரிச்சர்ட் சேம்பர்லேன். தொலைக்காட்சித் தொடரில் இளம் மருத்துவராக வந்து புகழ்பெற்ற அவருக்கு அந்த அடக்கமான அழகு இயல்பாகவே வந்தது. இந்த மூவரில் ஒருவரை மாற்றினாலும் மற்ற இருவரின் நடிப்பும் வேறு மாதிரி தெரியும்.

கர்தினால் (கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் பதவியாளர்) ரிஷெலியூ, கதையில் மன்னரின் முதன்மை அமைச்சர். அவருடைய வேடம் இன்னும் துணிச்சலான முடிவு. நாவலில் அவருக்கு வயது முப்பத்தாறு, முப்பத்தேழு. படத்தில் அந்த வேடத்தை ஏற்ற சார்ல்டன் ஹெஸ்டன் அப்போது ஐம்பதை நெருங்கியவர், அதுவரை மோசே, பென்ஹர் என்று அறத்தின் பக்கமே நின்று பழகிய முகம். அவர் குரலை உயர்த்தாமல் சதி பேசும்போது அந்த அமைதியே பயமுறுத்துகிறது. இதே கதையை 1948இல் ஹாலிவுட் எடுத்தபோது ரிஷெலியூவாக வந்தவர் வின்சென்ட் பிரைஸ். சமய அமைப்புகளின் எதிர்ப்புக்கு அஞ்சி, அவர் கர்தினால் என்பதையே அந்தப் படத்தில் மறைத்துவிட்டார்கள். திருச்சபையின் அதிகாரம் போனதும் அந்த வேடம் பாதியாகச் சுருங்கிவிட்டது. நல்ல நடிகர் கிடைத்தும் பங்கு குறைந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

2023இல் பிரெஞ்சுக்காரர்களே இரண்டு பாகங்களாக எடுத்தபோது ஆத்தோஸ் வேடம் வின்சென்ட் கசேலுக்குப் போனது. (அவருடைய தந்தை ழான்-பியர் கசேல்தான் லெஸ்டரின் படத்தில் 13ஆம் லூயி மன்னர்.) நாவலில் ஆத்தோசுக்கு முப்பதுக்குள் வயது. கசேல் ஐம்பதைத் தாண்டியவர். அண்ணன் தம்பி போல நிற்க வேண்டிய ஆத்தோசும் தார்த்தான்யானும் தந்தையும் மகனும் போல நிற்கிறார்கள். கதையின் வில்லியான மிலேடியோடு ஆத்தோசுக்கு இருந்த பழைய திருமணமும் இளமையில் பட்ட காயமாக இல்லாமல் நடுவயதின் கசப்பாகத் தொனிக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது, வேறு சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒரு பங்கை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறுகிறது என்பதே நான் சொல்ல வருவது. அவர்கள் மொழியில் இதற்கு வழங்கும் சொல் ‘திஸ்த்ரிபூசியோன்’, அதாவது பகிர்ந்தளித்தல். அவர்கள் நாடக மேடையிலிருந்து கொண்டுவந்த சொல் அது.

> ‘வார்ப்பு’ என்றே வைத்துவிடலாமே? மூலச்சொல்லுக்கு நெருக்கமாக இருக்கும்.

வேண்டாம். அது ஆங்கிலச் சொல்லின் இன்னொரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. இரும்பு வார்ப்பதற்கும் இந்த வேலைக்கும் தமிழில் எந்த உறவும் இல்லை.

> ‘வேடம்’ என்றால் பொய், பாசாங்கு என்றும் பொருள் உண்டே.

உண்டு. ஆனாலும் ‘இரட்டை வேடம்’, ‘தந்தை வேடம்’ என்று எழுதும்போது யாரும் பாசாங்கை நினைப்பதில்லை. கூத்தில் இன்றும் வேடம் கட்டுகிறார்கள். நம் நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட் என்று ஆளுக்கொரு பங்கு பிரித்தே கொடுத்தார்கள். மகரக்கட்டு உடைந்து குரல் மாறிய பையனிடமிருந்து பார்ட் கைமாறும், அதோடு மொத்தக் குழுவின் பங்கீடும் மாறும். நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல.

> இலங்கையில் ‘பங்கீட்டு அட்டை’ என்பது ரேஷன் அட்டை. எங்கள் காதில் ‘பங்கீடு’ தட்டுப்பாட்டு நாள்களை நினைவூட்டும்.

கொழும்பு நண்பரின் இந்த மறுப்பு கனமானது. ‘வேட ஒதுக்கீடு’ என்று மாற்றிப் பார்த்தேன். இங்கே அது இடஒதுக்கீட்டை நினைவூட்டும். ‘வேடப்பகிர்வு’ என்றால் ஒரே வேடத்தை இருவர் பகிர்ந்ததாகப் படும். முன்னொட்டாக ‘வேடம்’ இருப்பதால் ‘பங்கீடு’ பொருள் மயங்காது என்று நம்புகிறேன். ஈழத்து நண்பர்கள் இன்னும் சிலர் சொன்னால் நல்லது.

இந்தச் சொல்லை ஏற்றால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. காஸ்டிங் டைரக்டர் ‘வேடப்பங்கீட்டாளர்’ ஆவார். பெயர்கள் ஓடும் பட்டியல் ‘வேடப்பட்டியல்’. தப்பாக அமைந்தது ‘பொருந்தா வேடம்’. ஒரே மாதிரி வேடத்தில் ஒருவரை அடைப்பது ‘அச்சுவேடம்’. ஹாலிவுட் நடிகர் பேசில் ராத்போன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1935இல் ‘கேப்டன் பிளட்’, 1938இல் ‘ராபின் ஹூட்’ என இரண்டிலும் நாயகன் எரோல் ஃபிளினின் வாளுக்கு இரையாகும் வேடமே அவருக்குக் கிடைத்தது. உண்மையில் இருவரில் தேர்ந்த வாள்வீரர் ராத்போன்தான். அந்தச் சண்டைகள் இன்றும் விறுவிறுப்பாக இருக்கின்றன என்றால், தோற்கும் பங்கு கைதேர்ந்தவரிடம் போனதும் ஒரு காரணம். ராபின் ஹூட் வேடம் முதலில் ஜேம்ஸ் காக்னிக்கு என்று இருந்தது. அவர் படநிறுவனத்தோடு முரண்பட்டு விலகிய பிறகே ஃபிளினுக்கு வந்தது. காக்னி நடித்திருந்தால் ராத்போனின் பங்கும் வேறாகியிருக்கும்.

ஹெஸ்டனுக்கு ரிஷெலியூ வேடம் கொடுத்ததுபோல, பழகிய முகத்துக்கு நேர்மாறான வேடம் தருவதற்கு மட்டும் சொல் சிக்கவில்லை. ‘மாறுவேடம்’ ஏற்கெனவே வேறு பொருளில் வழங்குகிறது. ‘எதிர்வேடம்’ என்றால் வில்லன் வேடம் என்று படித்துவிடுவார்கள். பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், உங்கள் பரிந்துரைகளை எழுதுங்கள்.

அன்புடன்.