ரிவியராவை வளர்த்தது பிரபுக்களா, ரயிலா?

நெய்தல்வாசி:
பிரான்சின் தென்கிழக்குக் கடற்கரையான ரிவியராவுக்கு இன்றுள்ள பவிசு முழுக்க ஆங்கிலேயப் பிரபுக்கள் போட்ட பிச்சை. இதுதான் என் கட்சி. 1834-இல் ப்ரூம் பிரபு இத்தாலிக்குப் போகும் வழியில், காலரா பயத்தால் எல்லையில் தடுக்கப்பட்டார். திரும்பி வந்து தங்கிய மீனவக் கிராமம்தான் கான். ஊர் பிடித்துப்போய் மாளிகை கட்டினார்; 1868-இல் அங்கேயே கண்மூடினார். அவர் வராவிட்டால் கானை யார் சீண்டியிருப்பார்கள்?

தண்டவாளம்:
ஒரு பிரபு வீடு கட்டினால் ஊர் வளர்ந்துவிடுமா? கானுக்கு ரயில் வந்தது 1863-இல், நீஸுக்கு 1864-இல். அதுவரை குதிரை வண்டியில் நாள்கணக்கில் குலுங்கி வரத் துணிந்தவன்தான் வந்தான்.

அதே கரையிலுள்ள குட்டி நாடான மொனாக்கோவைப் பாருங்கள். 1848-இல் அதன் ஊர்களான மென்டனும் ரோக்புரூனும் பிரிந்துபோனதும் அரச குடும்பத்தின் கஜானா காலி. சூதாட்ட விடுதி திறந்தார்கள்; நல்ல சாலைகூட இல்லாத ஊருக்கு யார் வருவார்? 1863-இல் சூதாட்டத் தொழிலதிபர் பிரான்சுவா பிளாங்க் அதை எடுத்துக்கொண்டார், 1868-இல் ரயில் வந்தது. மறு வருடமே குடிமக்களுக்கு நேரடி வரியை நீக்கும் அளவுக்குப் பணம் புரண்டது. இதில் ஒரு வேடிக்கை, உள்ளூர்க் குடிமக்கள் அந்த விடுதியில் ஆடத் தடை. தோற்பதெல்லாம் வெளியூர்க்காரன் காசாக இருக்கட்டும் என்ற கணக்கு!

நெய்தல்வாசி:
சரி, ரயிலில் ஏறி வந்தது யார்? பிரபுக்களும் ஜார் மன்னர் குடும்பத்தாரும்தானே? விக்டோரியா மகாராணி 1882-இல் மென்டனுக்கு வந்தார். 1895 முதல் 1899 வரை வருடந்தோறும் நீஸின் சிமியே மேட்டில் தங்கினார். அங்கே 1897-இல் எழுந்த ரெஜினா ஹோட்டலின் பெயரே அவரைக் குறிப்பதுதான். ராணி தங்கிய ஊர் என்றால் அப்புறம் விளம்பரம் எதற்கு?

உப்புக்காற்று:
இருவரும் நோயாளிகளை மறந்துவிட்டீர்கள். காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. நுரையீரல் நோயோடு 1859-இல் மென்டனுக்கு வந்து தேறிய ஹென்றி பென்னெட் என்ற ஆங்கிலேய மருத்துவர், அந்த ஊர்க் குளிர்காலத்தைப் பற்றி எழுதியே கூட்டம் சேர்த்தார். எல்லோரும் தேறிவிடவில்லை. ஊர் உச்சியில் கடலைப் பார்த்த பழைய கல்லறைத் தோட்டத்தில் இளம் வயதில் போன வெளிநாட்டவர் எத்தனையோ பேர்.

அப்புறம் அந்தப் 'பிச்சை' விஷயம். நீஸின் புகழ்பெற்ற கடலோர நடைபாதை எப்படி வந்தது? 1820-21 கடுங்குளிரில் ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போய், வேலையற்றவர்கள் தெருவில் கையேந்தினார்கள். லூயிஸ் வே என்ற ஆங்கிலேயப் பாதிரியார் சக நாட்டவரிடம் பணம் திரட்டி, அவர்களை வைத்துப் போட்ட பாதை அது. பெயர் மட்டும் 'ஆங்கிலேயர் நடைபாதை'. கல் சுமந்தவன் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?

நெய்தல்வாசி:
காசு கொடுத்ததும் ஆங்கிலேயர்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே!

தண்டவாளம்:
அந்தக் காசு குளிர்காலத்துக்கு மட்டும் வந்த காசு. வெயில் ஏறினால் சீமான்கள் மூட்டை கட்டிவிடுவார்கள், ஹோட்டல்கள் கதவைச் சாத்தும். 1923-இல் மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி கேட்டுக்கொண்ட பிறகுதான் ஆன்டிப்ஸ் முனை ஹோட்டல் கோடையிலும் திறந்திருந்தது. 1936-இல் பிரெஞ்சு அரசு தொழிலாளர்களுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை தந்தது. சலுகை டிக்கெட்டில் அவர்களும் கடல் பார்க்கக் கிளம்பினார்கள். இன்று மணலில் இடம் பிடிக்க முட்டிமோதுவது இந்தக் கோடைக் கூட்டம்தான். உங்கள் ரெஜினா ஹோட்டலோ எப்போதோ அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டது.