பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம்: குட்டி சேஃப் வாங்கினால் போதுமா?

புறநகர்வாசி:
தனி வீடு, தரைத்தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. பத்து நாள் யாரும் இருக்க மாட்டோம். 15 சவரன் நகை, லேப்டாப், கொஞ்சம் வெள்ளி இருக்கிறது. முன்கதவில் தொங்குபூட்டு, உள்ளே பீரோ, அவ்வளவுதான். டிஜிட்டல் சேஃப் ஒன்று வாங்கி வைத்தால் சமாளிக்கலாமா?

தடயம்:
களவு போகும் பொருளுக்கு ஆறு குணங்கள் என்று 1999இல் எழுதினார் குற்றவியல் ஆய்வாளர் ரொனால்ட் கிளார்க். மறைக்கலாம், தூக்கலாம், கைக்கு எட்டும், விலை உண்டு, வைத்து அனுபவிக்கலாம், சட்டென்று விற்கலாம். இதில் கடைசிதான் முக்கியம் என்பேன். தங்கம் ஆறிலும் தேறும்; உருக்கிவிட்டால் ஹால்மார்க் எண்ணும் போச்சு. பெரிய டிவியை விட்டுவிட்டுப் போவது, அதைச் சுமந்துகொண்டு தெருவில் நடக்க முடியாது என்பதால்தான்.

உள்ளே வந்தவன் நேரே படுக்கையறைக்குத்தான் போவான். பீரோ லாக்கர், புடவை அடுக்கு, மெத்தைக்கு அடியில், பூஜை அலமாரி, அரிசி டிரம். நாம் ரகசியம் என்று நினைக்கும் இடங்கள் எல்லா வீட்டிலும் ஒன்றேதான். பீரோ சாவி பீரோ மேலேயே இருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

15 சவரனை வங்கி லாக்கரில் வையுங்கள். ஒன்று தெரிந்திருக்கட்டும்: 2022 ஜனவரி 1 முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, அங்கே திருட்டு நடந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கோடு சரி. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். உங்கள் நகைக்குக் காணாது. ஆனாலும் பீரோவுக்கு எவ்வளவோ மேல்.

பூட்டுக்கடை:
போல்ட் அடிக்காத சேஃப், நகையைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்த மாதிரி. அப்படியே தூக்கிப் போய்விடுவான். பின்புறமும் அடியிலும் துளைகள் இருக்கும், 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்டு காங்கிரீட்டில் இறுக்குங்கள். ஹாலோ பிளாக் சுவரில் சாதா ஆங்கர் பிடிக்காது, சுற்றிலும் உடைந்து வரும்.

தொங்குபூட்டில் உடைவது பூட்டு இல்லை, நாதாங்கி. ராடை விட்டு நெம்பினால் குட்டி ஸ்க்ரூவோடு கையில் வரும். போதாததற்கு, வெளியே பூட்டு தொங்கினாலே வீட்டில் ஆளில்லை என்று தெரிந்துவிடும். கதவின் உள்பக்கம் பொருத்தும் பூட்டுக்கு மாறுங்கள். பூட்டின் நாக்கு போய் மாட்டும் நிலைப்பக்கத் தகட்டுக்கு 65 முதல் 75 மி.மீ. ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். நாதாங்கிதான் வேண்டும் என்றால் கதவைத் துளைத்துப் போகும் போல்ட், உள்பக்கம் வாஷர், நட்.

மாடிக் கதவு என்ன கதவு? முன்னால் தேக்கு, மேலே பிவிசி என்று இருந்தால் அந்த வழியாகத்தான் இறங்குவான். உள்ளே குறுக்கே ஒரு இரும்புப் பட்டை போடுங்கள்.

புறநகர்வாசி:
மாடிக்கு பிவிசிதான். மாற்றிவிடுகிறேன். இரண்டு கேமரா இருக்கிறது, சொல்ல விட்டுப்போச்சு.

கேபிள்காரன்:
டிவிஆர், அதாவது கேமரா படத்தைப் பதிவு செய்யும் பெட்டி, எங்கே? டிவிக்குப் பக்கத்தில் என்றால் அதையும் எடுத்துப் போவான், பரணில் மறையுங்கள். ஈபி மெயின் வெளியே இருந்தால் அதை இறக்கிவிட்டுத்தான் வருவான். டிவிஆர், கேமரா, மோடம் மூன்றையும் இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள். லேப்டாப் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், புகார் எழுதும்போது கேட்பார்கள்.

தடயம்:
பால், பேப்பரை நிறுத்திவிடுங்கள். பகலிலும் எரியும் வாசல் விளக்கு காட்டிக்கொடுக்கும், டைமர் போடுங்கள். பொங்கல் சமயத்தில் கோலம் இல்லாத வாசல் தெருவிலேயே தனியாகத் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் தினமும் இரண்டு இழை இழுக்கச் சொல்லுங்கள். ஸ்டேஷனில் போகும் தேதி, வரும் தேதி, ஒரு போன் நம்பர் எழுதிக் கொடுங்கள், ரோந்து வரும்போது பார்ப்பார்கள். ரயிலில் எடுத்த செல்ஃபியை மட்டும் திரும்பி வந்தபிறகு போடுங்கள்.